அந்தக் குரலை உள்ளே விட்டது யார்? விஸ்கான்சின் தேர்தல் காலத்தில் உள்ளூர் வானொலி கேட்கும் முறை

விஸ்கான்சினில் தேர்தல் ஓய்வதே இல்லை. நவம்பர் முடிந்து மூச்சு விடுவதற்குள் பிப்ரவரி மூன்றாவது செவ்வாய்க்கிழமை முதற்கட்டத் தேர்தல் வந்துவிடும். ஏப்ரல் முதல் செவ்வாய்க்கிழமை நீதிபதி, பள்ளிக் குழு, நகர மன்றம் என்று இன்னொன்று. புரூக்ஃபீல்டிலிருந்து மில்வாக்கி டவுன்டவுனுக்குக் காரில் போய்ச் சேர்வதற்குள் ஏ.எம். வானொலியில் ஒரு வேட்பாளர் பேசிவிடுவார், நிகழ்ச்சி நடத்துகிறவர் தன் கருத்தைச் சொல்வார், நேயர் ஒருவர் கொதிப்பார், நடுவே நாலு விளம்பரம் ஓடும். காதுக்கு எல்லாம் ஒரே மாதிரி விழும். ஆனால் அந்தக் குரல்களை ஒலிபரப்புக்குள் விட்டவர்கள் வேறு வேறு ஆட்கள். ஒன்றைக் காசு உள்ளே விட்டது, ஒன்றைச் சட்டம், ஒன்றைப் பிரசாரக் குழு. இன்னொன்றை என்னைப் போல ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருத்தி.

இங்கே ஒரு சிறிய ஏ.எம். நிலையத்தில் சில ஆண்டுகள் மாலை வேளைகளில் கால் ஸ்கிரீனராக இருந்தேன். நேயர்களின் போனை எடுத்து, பேசிப் பார்த்து, யாரை ஒலிபரப்புக்கு அனுப்பலாம் என்று திரையில் எழுதிக் கொடுக்கிற வேலை. பெவாக்கி கோயிலில் சந்திக்கும்போதெல்லாம் நம்மவர்கள் என்னிடம் ரேடியோவில் அப்படிச் சொன்னார்களே, உண்மையா என்று கேட்கிறார்கள். அதற்கு நான் தரும் பதில்தான் இந்தக் கட்டுரை. சொன்னது உண்மையா என்று பார்க்கும் முன், சொல்ல விட்டது யார் என்று பாருங்கள். அதைக் கண்டுபிடிக்க வழிகள் இருக்கின்றன. பெரும்பாலும் இலவசம்.

காதில் விழுவது எந்த வகை

விளம்பரமா, பேட்டியா, நிகழ்ச்சி நடத்துகிறவரின் சொந்தப் பேச்சா, யாரோ விலைக்கு வாங்கிய நேரமா என்று முதலில் பிரித்துவிடுங்கள்.

விளம்பரம் என்றால் கடைசி வரியைத் தவறவிடாதீர்கள். அதிபர், செனட், பிரதிநிதிகள் சபை ஆகியவற்றுக்குப் போட்டியிடுகிறவர் தரும் விளம்பரத்தில், இதை நான் ஏற்கிறேன் என்று அவரே தன் குரலில் சொல்ல வேண்டும். 2002-ம் ஆண்டுச் சட்டம் அது. வெளி அமைப்பு தந்த விளம்பரமென்றால் அமைப்பின் பெயர் வரும். பலர் இந்த இடத்தில் ஒலியைக் குறைத்துவிடுகிறார்கள். எனக்கு இதுதான் விளம்பரத்திலேயே முக்கியமான வரி.

காரணம் இருக்கிறது. வேட்பாளர் தரும் விளம்பரத்தில் நிலையம் கை வைக்க முடியாது. பொய் என்று தெரிந்தாலும் ஒரு சொல்லைக்கூட வெட்டக் கூடாது என்கிறது தகவல் தொடர்புச் சட்டத்தின் 315-ம் பிரிவு. வெட்டும் உரிமை இல்லாத நிலையத்தின் மேல் அந்தப் பேச்சுக்காக அவதூறு வழக்கும் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1959-ல் தீர்ப்பளித்தது. ஆகவே, ரேடியோவில் வந்ததென்றால் சரிபார்த்துத்தான் போட்டிருப்பார்கள் என்ற நம்பிக்கையை வேட்பாளர் விளம்பரத்தின் மேல் வைக்க வேண்டாம். வெளி அமைப்பின் விளம்பரம் வேறு கணக்கு. அதை நிலையம் மறுக்கலாம், பாதியில் நிறுத்தலாம், அதிலுள்ள அவதூறுக்குப் பதில் சொல்லவும் வேண்டியிருக்கலாம். அப்படி ஒன்றில் தெளிவான பொய் இருந்தால் நிலைய மேலாளருக்கு எழுதுங்கள். ஒலிபரப்பான தேதி, நேரம், அதில் சொன்ன வாக்கியம், அது பொய் என்று காட்டும் ஆவணம் ஆகிய நான்கும் இருந்தால் போதும். கோபமாக இரண்டு பக்கம் எழுதினால் படிக்க மாட்டார்கள்.

நிகழ்ச்சி நடத்துகிறவர் மூன்று மணி நேரமும் ஒரே வேட்பாளரைப் புகழ்ந்தால்? சட்டத்தில் தடை இல்லை. இரு தரப்புக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்று 1949-லிருந்து இருந்த ஃபேர்னஸ் டாக்ட்ரின் 1987-ல் போய்விட்டது. மிச்சமிருந்த ஒரு துண்டு நம் மில்வாக்கி வழக்கில்தான் முடிந்தது. 2012 ஜூனில் ஆளுநர் ஸ்காட் வாக்கரைப் பதவிக்காலம் முடியும் முன்பே திரும்ப அழைக்கும் தேர்தல் நடந்தது. எதிர்த்து நின்றவர் டாம் பாரட். டபிள்யூ.ஐ.எஸ்.என். 1130, டபிள்யூ.டி.எம்.ஜே. 620 இரண்டிலும் நிகழ்ச்சி நடத்தியவர்கள் வாக்கர் பக்கம் பேசினார்கள். பாரட் ஆதரவாளர்களுக்கும் நேரம் வேண்டும் என்று ஒரு குழு கேட்டது, கிடைக்கவில்லை. விஷயம் எஃப்.சி.சி.க்கு, அதாவது வானொலிகளுக்கு உரிமம் தரும் கூட்டாட்சி ஆணையத்துக்கு, போனது. ஒரு வேட்பாளரின் ஆதரவாளர்களுக்கு நேரம் கொடுத்தால் மற்றவரின் ஆதரவாளர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று 1970-லிருந்து ‘ஸாப்பிள்’ என்ற பெயரில் ஒரு கோட்பாடு இருந்தது. அதற்கு இனி உயிரில்லை என்று எஃப்.சி.சி. 2014 மே மாதம் எழுதிவிட்டது. இது எனக்கு இன்றும் வருத்தம் தருகிற முடிவு. ஆனால் நடப்பு அதுதான், தெரிந்து வைத்துக்கொண்டு கேளுங்கள்.

சம வாய்ப்பு என்று இன்றும் மீதமிருப்பது வேட்பாளருக்கு மட்டும். செய்தி, செய்திப் பேட்டி போன்றவை தவிர்த்த ஒரு நிகழ்ச்சியில் வேட்பாளரின் குரல் வந்தால், எதிர் வேட்பாளர் ஏழு நாளுக்குள் அதே அளவு வாய்ப்பைக் கேட்கலாம். முன்னவர் காசு கொடுத்திருந்தால் இவரும் கொடுக்க வேண்டும், முன்னவருக்கு இலவசமென்றால் இவருக்கும் இலவசம். அதனால்தான் நிகழ்ச்சி நடத்துகிறவரே தேர்தலில் நின்றால் மைக்கை விட்டு எழுந்துவிடுகிறார். நம்மவர் யாராவது பள்ளிக் குழுவுக்கு நின்றால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள், இந்த உரிமை அவருக்கும் உண்டு. ஆனால் நேரம் விற்றே ஆக வேண்டும் என்று நிலையத்தைக் கட்டாயப்படுத்தும் உரிமை கூட்டாட்சிப் பதவிக்கு நிற்பவர்களுக்கு மட்டும்தான். பள்ளிக் குழு வேட்பாளர்களுக்கு நேரமே விற்பதில்லை என்று நிலையம் முடிவெடுக்கலாம். எதிராளிக்கு விற்றுவிட்டு உங்களுக்கு இல்லை என்று சொல்லத்தான் முடியாது. முதற்கட்டத் தேர்தலுக்கு முந்தைய 45 நாளும் பொதுத் தேர்தலுக்கு முந்தைய 60 நாளும் வேட்பாளருக்கு நிலையங்கள் தங்களிடமுள்ள மிகக் குறைந்த விலையில்தான் விற்க வேண்டும். வெளி அமைப்புகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. தேர்தல் நெருங்கும்போது அவற்றின் காசை நிலையங்கள் ஏன் அவ்வளவு விரும்புகின்றன என்பது இதிலிருந்தே விளங்கும்.

காசு கொடுத்தவரைத் தேடும் வழி

பலருக்குத் தெரியாத பொக்கிஷம் இது. ஒவ்வொரு வானொலி நிலையமும் தனக்கு வந்த அரசியல் விளம்பரக் கோரிக்கைகளைப் பொதுக் கோப்பில் ஏற்ற வேண்டும். 2018 மார்ச் முதல் எல்லா வானொலிகளின் கோப்பும் இணையத்திலேயே இருக்கிறது. முகவரி பப்ளிக்ஃபைல்ஸ் டாட் எஃப்.சி.சி. டாட் கவ். பதிவு செய்ய வேண்டாம், கட்டணம் இல்லை, குடியுரிமை கேட்பதில்லை. டபிள்யூ.டி.எம்.ஜே. போன்ற நிலையத்தின் பெயர் எழுத்துகளைத் தட்டுங்கள். எழுத்து தெரியாவிட்டால் ஒரு மணி நேரம் முடிந்து அடுத்தது தொடங்கும் சமயத்தில் ரேடியோவைக் கவனியுங்கள். தன் எழுத்துகளையும் ஊரையும் நிலையம் அப்போது சொல்லியாக வேண்டும். நிலையத்தின் பக்கம் திறந்ததும் பொலிட்டிகல் ஃபைல்ஸ் என்ற அடைவுக்குள் போனால் ஆண்டுவாரியாகப் பிரித்திருப்பார்கள். அதற்குள் கூட்டாட்சி, மாநிலம், உள்ளூர் என்றும், வேட்பாளர் அல்லாதவர்களின் விளம்பரங்கள் என்றும் இருக்கும்.

ஆவணத்தைத் திறந்ததும் எண்களைக் கண்டு மிரள வேண்டாம். வேட்பாளர் ஆவணத்தில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த நேரத்தில், எத்தனை முறை, ஒரு முறைக்கு எவ்வளவு என்று இருக்கும். காலை வேலைக்குப் போகும் நேரத்தை வாங்கினார்களா, நள்ளிரவை வாங்கினார்களா என்று பாருங்கள், யாரைக் குறிவைத்தார்கள் என்பது புரியும். வெளி அமைப்பின் ஆவணத்தில் நான் நேராகப் போவது பொறுப்பாளர்கள் பெயருக்கு. இயக்குநர் குழு அல்லது தலைமை நிர்வாகிகளின் பெயரை எழுத வேண்டும் என்பது விதி. விஸ்கான்சின் குடும்பங்கள், நம் குழந்தைகள் என்று மனத்தைத் தொடும் பெயர்களில் வரும் இரண்டு மூன்று அமைப்புகளை எடுத்துப் பெயர்களை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே பொருளாளர், ஒரே விளம்பர முகவர் என்று கண்ணில் பட்டால் அவை ஒரே இடத்திலிருந்து பேசுகின்றன என்று சந்தேகிக்க நியாயம் உண்டு.

ஒரு எச்சரிக்கை. தேசிய முக்கியத்துவம் கொண்ட விஷயத்தைத் தொடும் வெளி விளம்பரத்துக்குத்தான் விலையும் நேரமும் கட்டாயம். மாநில, உள்ளூர் விஷயம் மட்டுமென்றால் பொறுப்பாளர் பட்டியலோடு நின்றுவிடலாம். அப்போது, பிரசாரப் பணத்தைக் கவனிக்கும் மாநில அமைப்பான விஸ்கான்சின் எத்திக்ஸ் கமிஷனின் தளத்துக்குப் போய் அந்த அமைப்பு மாநிலத்தில் கொடுத்த வரவு செலவு அறிக்கையைத் தேடுங்கள். ஏப்ரல் நீதிபதித் தேர்தலுக்கு இது மிகவும் உதவும். 2023-ல் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிப் பதவிக்கு நடந்த ஜானட் புரோட்டசேவிட்ஸ், டேனியல் கெல்லி போட்டியில் செலவு 5 கோடி டாலரைத் தாண்டியது. 2025 ஏப்ரல் 1 அன்று சூசன் கிராஃபோர்டும் பிராட் ஷிமலும் மோதிய தேர்தலில் அதையும் மிஞ்சியது. கட்சிச் சின்னமே இல்லாத ஒரு நீதிபதிப் பதவிக்கு இவ்வளவு பணம் கொட்டுகிறவர்கள் யார் என்று தெரிந்துகொள்ள, ஓட்டுப் போடும் ஒவ்வொருவருக்கும் உரிமை இருக்கிறது.

நிலையங்கள் இந்தக் கோப்புகளை இரண்டு ஆண்டுகள்தான் வைத்திருக்க வேண்டும். வேண்டியதை அவ்வப்போது இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டி கேட்கும்போது

இரண்டு பேட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2016 மார்ச் கடைசியில், விஸ்கான்சின் முதற்கட்டத் தேர்தலுக்குச் சில நாள் முன்பு, டிரம்ப் டபிள்யூ.டி.எம்.ஜே.யில் சார்லி சைக்ஸ் நிகழ்ச்சிக்கு போனில் வந்தார். சைக்ஸ் பழமைவாதி, ஆனால் டிரம்ப்பை எதிர்ப்பவர். அதை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுக் கேள்வி கேட்டார், பதில் நழுவியபோது திரும்பவும் அதையே கேட்டார். ஏப்ரல் 5 அன்று, அதே கட்சியில் டிரம்ப்புக்குப் போட்டியாக நின்ற டெட் குரூஸ் இங்கே வென்றார். வானொலியால்தான் வென்றார் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் கேட்டவர்களுக்குக் கேள்வியும் பதிலும் முழுதாகக் கிடைத்தன.

2024 ஜூலையில் பைடன், விவாத மேடையில் தடுமாறியதற்குப் பிறகு, விஸ்கான்சினில் சிவிக் மீடியா என்ற வானொலிக் குழுமத்தின் ஏர்ல் இங்கிரம் நிகழ்ச்சிக்கும் பிலடெல்பியாவில் டபிள்யூ.யூ.ஆர்.டி. நிலையத்துக்கும் பேட்டி கொடுத்தார். கேள்விகள் முன்கூட்டியே பைடன் தரப்பிலிருந்து வந்தவை என்பது பிறகு தெரிந்தது. பிலடெல்பியாவில் நிகழ்ச்சி நடத்தியவர் நிலையத்தை விட்டு விலகும்படி ஆனது. பிரசாரக் குழு கேட்டுக்கொண்டபடி பேட்டியில் இரண்டு இடங்களை வெட்டியதாகச் சிவிக் மீடியா பின்னர் ஒப்புக்கொண்டு, வெட்டியதை வெளியே வைத்தது.

இதிலிருந்து கேட்பவர் கற்க வேண்டியது கட்சி சார்ந்ததல்ல. பேட்டியில் இரண்டாவது கேள்வி இருக்கிறதா என்று கவனியுங்கள். முதல் பதிலைக் கேட்டுவிட்டு அதிலிருந்தே பிறக்கிற கேள்வியைச் சொல்கிறேன். அது ஒன்றுகூட இல்லாமல் கேள்விகள் வரிசையாக நகர்ந்தால் நிலையத்துக்கு மின்னஞ்சல் போடுங்கள்: நேரலையா, பதிவா? கேள்விகளைப் பிரசாரக் குழு அனுப்பியதா? ஏதாவது வெட்டப்பட்டதா? சிறிய நிலையங்களில் இதற்குப் பதில் எழுத ஆள் இருக்கிறார். நேயர் கடிதம் அங்கே இன்னும் மதிப்புள்ள பொருள்.

போன் செய்து உள்ளே போக

இங்கேதான் நம்மவர்கள் தயங்குகிறார்கள். உச்சரிப்பு சரியில்லை, நாம் பேசினால் யார் கேட்பார்கள் என்கிறார்கள். போனை எடுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன், உச்சரிப்புக்காக ஒருவரையும் நான் தள்ளியதில்லை. தள்ளியது வேறு காரணங்களுக்காக: கேள்வியே இல்லாத நீளப் பேச்சு, பின்னணியில் ஓடும் ரேடியோ, எழுதி வைத்ததை அப்படியே வாசிக்கும் குரல்.

நிகழ்ச்சி தொடங்கும்போதே போன் போடுங்கள், கடைசிக் கால் மணியில் வரிசை நிரம்பிவிடும். எடுப்பவர் பெயர், ஊர், என்ன கேட்கப் போகிறீர்கள் என்று கேட்பார். அந்த மூன்றாவதற்கான பதில் ஒரே வாக்கியத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் அதைத்தான் திரையில் எழுதுவார், அதைப் பார்த்துத்தான் நிகழ்ச்சி நடத்துகிறவர் யாரை எடுப்பதென்று முடிவு செய்வார். ‘பள்ளிகளைப் பற்றி’ என்று சொன்னால் நீங்கள் வரிசையின் அடியில். ‘எங்கள் பள்ளி மாவட்டத்தில் ரெஃபரண்டம் வந்தால் வேட்பாளர் ஆதரிப்பாரா, வீட்டு வரி எவ்வளவு கூடும் என்று கேட்க வேண்டும்’ என்றால் உடனே மேலே. நான் இருந்த இடத்தில், நிகழ்ச்சி நடத்துகிறவரோடு ஒத்துப்போகாத அழைப்புக்கு முன்னுரிமை இருந்தது. ஒரே கருத்துடையவர்கள் மாறி மாறிப் பேசினால் நிகழ்ச்சி சோர்ந்துவிடும். எதிர்க் கருத்து இருந்தால் மறைக்காதீர்கள், மரியாதையாக முதலிலேயே சொல்லுங்கள்.

உங்களை ஒலிபரப்பில் விடும் முன் வீட்டு ரேடியோவை அணைத்துவிட வேண்டும். ஒலிபரப்பு சில நொடி தாமதமாகவே வெளியே போகும், தகாத சொல் வந்தால் வெட்டுவதற்காக. ரேடியோ ஓடினால் உங்கள் பேச்சே பின்னால் வந்து உங்களைக் குழப்பும். ஸ்பீக்கர் போன் வேண்டாம், கார் ப்ளூடூத் வேண்டாம். முதல் வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், மற்றது தானாக வரும்.

கேள்விக்குள்ளேயே தகவலை வைத்துவிடுங்கள். கேட்டு முடித்ததும் நன்றி சொல்லி உங்கள் இணைப்பைத் துண்டித்துவிட்டு நிகழ்ச்சி நடத்துகிறவர் மட்டும் பேசுவது பரவலான பழக்கம். அப்போது உங்கள் தகவல் ஏற்கெனவே காற்றில் போயிருக்கும். வேட்பாளர் ஸ்டுடியோவில் இருந்தால், ஆம் இல்லை என்று பதில் வரக்கூடியதாகக் கேளுங்கள். கல்வியைப் பற்றி உங்கள் பார்வை என்ன என்று கேட்டால் அவர் நாலு நிமிட உரை தயாராக வைத்திருப்பார். விஸ்கான்சினில் பள்ளி மாவட்டங்களின் வருவாய்க்கு 1993 முதல் உச்சவரம்பு இருக்கிறது, அதை மீற வாக்காளர் ஒப்புதல் வேண்டும். அந்த உச்சவரம்பை உயர்த்த நீங்கள் வாக்களிப்பீர்களா என்று கேட்டால் உரைக்கு இடமில்லை. அவர் நழுவினாலும் நழுவியது எல்லோர் காதிலும் விழும். தொடர்ந்து இருக்கலாமா, இன்னொரு கேள்வி உண்டு என்று ஸ்கிரீனரிடம் முன்பே சொல்லி வையுங்கள், சில சமயம் விடுவார்கள்.

பிரசாரக் குழுக்களே ஆட்களை நேயராகப் பேச வைப்பதும் உண்டு. வேட்பாளரின் முழுப் பெயரையும் பதவியையும் சேர்த்தே சொல்வார்கள், அடுத்தடுத்த அழைப்பில் ஒரே சொற்றொடர் வரும், முடிவில் இணைய முகவரி வரும். எந்த ஊர் என்று நான் கேட்பேன். ஒகானமவாக், மக்வானகோ போன்ற ஊர்ப் பெயர்களில் தடுக்கி விழுந்தால் வெளி மாநிலத்துப் போன் என்று புரிந்துவிடும். ரேடியோ கேட்கும் நீங்களும் இவற்றைக் கண்டுபிடிக்கலாம்.

வாக்குரிமை இல்லாதவரும் போன் செய்யலாம், கேள்வி கேட்கலாம். ஆனால் எச்1பி போன்ற விசாவில் இருப்பவர் எந்தப் பிரசாரத்துக்கும் பணம் தரக் கூடாது. கிரீன் கார்டு இருந்தால் தரலாம். நன்கொடை கேட்டு ரேடியோவில் விளம்பரம் வரும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

மறுநாள் அது செய்தியானால்

‘வானொலி நிகழ்ச்சி ஒன்றில் சொன்னார்’ என்று தலைப்பு வந்தால் முழு ஒலிப்பதிவைத் தேடுங்கள். அன்றைய நிகழ்ச்சியைப் பெரும்பாலான நிலையங்கள் பாட்காஸ்டாகப் போட்டுவிடும். அந்த வரிக்கு முன் இரண்டு நிமிடமும் பின் இரண்டு நிமிடமும் கேளுங்கள். காலையில் ஒரு வேட்பாளர் சொன்ன வாக்கியத்தை எதிர்த் தரப்பு வெட்டி எடுத்து மதியத்துக்குள் செய்தியாளர்களுக்கு அனுப்பிவிடும், மாலைத் தொலைக்காட்சியில் அந்தத் துண்டுதான் ஓடும். அது வாட்ஸ்அப் குழுவுக்கு வரும்போது யார் வெட்டியது என்ற தடயமே இருக்காது. ஞாயிற்றுக்கிழமை மில்வாக்கி சேனல் 12-ல் வரும் அப்ஃப்ரன்ட், பி.பி.எஸ். விஸ்கான்சினின் ஹியர் அண்ட் நௌ போன்றவற்றில் அதே வேட்பாளர் நீளமாகப் பேசியிருந்தால் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

செயற்கை நுண்ணறிவால் செய்த குரலும் வந்துவிட்டது. 2024 ஜனவரியில் நியூ ஹாம்ப்ஷயர் வாக்காளர்களுக்கு பைடன் குரலில் போலி அழைப்புகள் போயின. இங்கே அதே ஆண்டு மார்ச்சில் வந்த சட்டப்படி, அரசியல் விளம்பரத்தில் செயற்கையாகச் செய்த குரலோ காணொளியோ இருந்தால் அதை அறிவிக்க வேண்டும். அறிவிப்பு இல்லாமல் சந்தேகப்படும்படி ஒரு விளம்பரம் கேட்டால் நிலையத்தின் எழுத்து, தேதி, நேரம் மூன்றையும் குறித்துக்கொண்டு எத்திக்ஸ் கமிஷனுக்குப் புகார் செய்யுங்கள்.

பொதுக் கோப்பில் இருக்க வேண்டிய ஆவணம் இல்லையென்றால் முதலில் நிலைய மேலாளரிடம் கேளுங்கள். கோரிக்கை வந்தவுடன், வழக்கமாக ஒரு நாளுக்குள், அவர்கள் ஏற்றிவிட வேண்டும். கேட்டதும் ஏற்றிய நிலையங்களைப் பார்த்திருக்கிறேன். ஏற்றவில்லை என்றால் எஃப்.சி.சி.க்கு எழுதலாம், அந்தப் புகாருக்கும் கட்டணம் இல்லை. ஏப்ரல் தேர்தலுக்கான முதல் ஆவணங்கள் ஜனவரியிலிருந்தே வரத் தொடங்கும், வாரம் ஒருமுறை திறந்து பார்த்தால் போதும்.